பை மாட்டுற கதவு

பூட்டியிருந்துச்சா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னா எப்படித் தம்பி? சொல்றேன். சொல்லத்தானே உங்களை உள்ள கூப்பிட்டேன். முதல்ல உக்காருங்க. அந்தத் துணியை இப்படித் தள்ளிட்டு நாற்காலியில உக்காருங்க. இந்த வீட்டு நாற்காலியில மனுசங்க உக்காந்து நாளாச்சு, துணிதான் உக்காந்திருக்கு. செஞ்சவன் என்னத்தையோ நினைச்சுச் செய்யறான், வாங்கினவங்க என்னத்துக்கோ வெச்சுக்கறாங்க. உங்க படிப்பே அதைப் பத்தினதுதான்னு சொன்னீங்களே, உங்களுக்கா நான் சொல்லணும்.

இல்ல தம்பி, அந்தத் தீ விபத்துக்கு அப்புறம் போலீஸ் வந்தாங்க, வக்கீல் வந்தாரு. எல்லாரும் கேட்டது அந்த ஒரு கேள்விதான். மாடியில பின்பக்கக் கதவு பூட்டியிருந்துச்சா? பொண்ணைப் பறிகொடுத்தவங்க எல்லாரும் ஒரே வாயா ஆமான்னு சொல்லிட்டாங்க. எனக்குத்தான் வாய் வரலை. மருமக செத்த அதிர்ச்சி, பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்கதான், அந்தக் கதவை நீங்கள்லாம் எதுக்கும்மா வெச்சுக்கிட்டீங்கன்னு கேட்டீங்க. அட, கேக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் வந்துட்டாரேன்னு தோணுச்சு. என் மகன் கடைக்குப் போயிருக்கான். அவன் வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

சட்டை தைக்கிற இடம். கீழ இஸ்திரி, துணி குடோன். மாடி பூரா மெஷின். நான் காஜா மெஷின்ல, பொத்தானுக்கு ஓட்டை போடற வேலை. என் மருமக காலர் தைப்பா. அவ தைச்ச காலர் விறைப்பா நிமிந்து நிக்கும், அவளை மாதிரியே.

அந்தக் கதவா? அது கடைசி மூலையில இருந்துச்சு. இரும்புக் கதவு. மேல பச்சை விளக்குல ஒரு ஆள் ஓடற படம். எங்ககூட ஒருத்தி, புருசன் விட்டுட்டு ஓடிட்டான், அவ அந்தப் படத்தைப் பாத்துட்டு, அடியே, ஊரெல்லாம் தேடினேன், இவன் இங்க வந்து ஒளிஞ்சிருக்கான் பாருடின்னா. எல்லாரும் மெஷினை நிறுத்திட்டுச் சிரிச்சோம். அன்னையிலருந்து அந்தப் படத்துக்குப் பேரே மாப்பிள்ளைதான். புதுசா யாராவது வேலைக்கு வந்தா, பையை மாப்பிள்ளை காலடியில மாட்டுன்னுதான் சொல்லுவோம். அது வழி காட்டற படம்னு ஒருத்திக்கும் தோணலை.

ஆமா, பையை மாட்டறதுதான். கதவுக்குக் குறுக்கால ஒரு கம்பி இருந்துச்சு பாருங்க, இடுப்பு உயரத்துல, வழவழன்னு. நீங்க அதைத் தள்ளற கம்பின்னு சொல்றீங்க. உடம்பு மோதினாலே திறந்துக்கும்னு சொல்றீங்க. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லலை. ஆனா அந்த மாடியில பை வெக்க ஒரு அலமாரி கிடையாது தம்பி. ஒரு ஆணி கிடையாது. கீழ வெச்சா மெஷின் எண்ணெய் ஒட்டும், எலி கடிச்சுடும். கைக்கு வாகா ஒரு கம்பி நீட்டிக்கிட்டு நின்னா பொம்பளை கை என்ன செய்யும்? யாரும் யாருக்கும் சொல்லித் தரலை. கை பாத்துச்சு, மாட்டிடுச்சு.

தள்ளினா திறக்கும்னு தெரியாதான்னு கேக்கறீங்களா? நல்லாத் தெரியும். அதுதான் தம்பி கொடுமை. ஆரம்பத்துல ஒருத்தி, இடுப்பு விட்டுப் போகுதுன்னு அதுல சாஞ்சா. பட்டுனு திறந்துச்சு. திறந்ததும் ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, காதுக்குள்ள ஊசியை விட்டுத் திருகற மாதிரி. திருடு போகாம இருக்க மணி வெச்சிருக்காங்க. சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. அன்னைக்கு ஒருத்தருக்கும் டீக்கு விடலை. அப்புறம் ஒருத்தி கனமான பையை மாட்டிட்டா, கம்பி இறங்கிடுச்சு, மறுபடியும் கத்துச்சு. மறுபடியும் டீ கிடையாது. காலையிலருந்து குனிஞ்ச முதுகு நிமிர்றதே அந்த நேரத்துலதான், அதையே பிடுங்கிட்டா?

அதுக்கப்புறம் எங்களுக்குள்ள நாங்களே சட்டம் போட்டுக்கிட்டோம். கனமான பை மாட்டக் கூடாது. ரெண்டு விரலாலதான் மாட்டணும், ரெண்டு விரலாலதான் எடுக்கணும். தூங்கற குழந்தை கழுத்துலருந்து சங்கிலியைக் கழட்டுவோமே, அப்படி. எவளாவது அவசரப்பட்டா நாலு பக்கத்துலருந்தும் குரல் வரும், ஏய் மெதுவா, கத்தும்டின்னு. பழகிப் போச்சு. வருசக் கணக்காப் பழகின கை தம்பி. புத்தி மறந்தாலும் கை மறக்காது.

ஒத்திகையா? நடந்துச்சே. தீப்பிடிச்சா எப்படி வெளிய வரணும்னு சொல்லித் தர்றதுக்கு ஒருத்தர் வந்தாரு. எல்லாரும் வரிசையா முன்பக்கப் படியில இறங்கினோம். பின்கதவைத் திறந்துடாதீங்க, அது கத்த ஆரம்பிச்சா நிறுத்தறதுக்குள்ள உயிர் போயிடும்னு சூப்பர்வைசரே சொன்னாரு. உயிர் போயிடும்னுதான் சொன்னாரு. அந்த வார்த்தையேதான்.

தண்ணி குடிங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்.

எனக்கும் என் மருமகளுக்கும் அப்போ பேச்சு வார்த்தை இல்ல. தனியா வீடு பாத்துப் போகணும்னா. அப்போ நான் எதுக்கு இருக்கேன்னு நான் கேட்டேன். வீட்டுல பாத்திரம்தான் எங்களுக்குப் பதிலாப் பேசும். அவ ஒரு டம்ளரை ணங்குன்னு வெச்சா நான் ஒரு மூடியை ணங்குன்னு வெப்பேன். நடுவுல என் மகன், மத்தளம் மாதிரி. ஆனா காலையில கிளம்பறப்போ என் சாப்பாட்டுப் பையையும் அவதான் தூக்கிக்குவா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேதான் தூக்குவா. போய்ச் சேந்ததும் அவ பை பக்கத்துலயே என் பையையும் மாட்டுவா.

அன்னைக்கு நான் தைச்ச சட்டைக் கட்டை எடுத்துக்கிட்டுக் கீழ இஸ்திரிக்குப் போயிருந்தேன். தீ குடோன்லதான் முதல்ல பிடிச்சுச்சு. மாடிப்படி குடோனை ஒட்டித்தானே போகுது? நான் பாக்கறப்போ பொகை படி ஏறிக்கிட்டு இருந்துச்சு. அவசரமே இல்லாம, வேலைக்குப் போறவ மாதிரி ஒவ்வொரு படியா. நான் கத்தினேன். என்னைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாங்க.

அது வரைக்கும்தான் எல்லாருக்கும் தெரியும். அந்தம்மா வாசல்ல மயங்கிக் கிடந்தாங்கன்னு உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க. அது அப்புறம். அதுக்கு முன்னாடி நான் எங்க இருந்தேன்னு ஒருத்தரும் கேக்கலை.

பின்பக்கச் சந்துல இரும்புப் படி இருக்குல்ல. அது வழியா நான் மேல போனேன் தம்பி.

ஆமா. அந்தக் கதவுக்கு வெளிய. நான் வெளிப்பக்கம், அவங்க உள்பக்கம்.

வெளிப்பக்கம் பிடி கிடையாது. உங்களுக்குத் தெரியுமே. வெறும் இரும்புத் தகடு. உள்ளருந்து வர்றதுக்குத்தான் அந்தக் கதவு, வெளியருந்து போறதுக்கு இல்ல. நான் தட்டினேன். தள்ளுங்கடி, தள்ளுங்கடின்னு தொண்டை கிழியக் கத்தினேன். உள்ள அத்தனை கூச்சல். நான் தட்டினது அவங்க காதுல என்னவா விழுந்துச்சோ. இந்தப் பக்கமும் ஏதோ வெடிக்குதுன்னு நினைச்சாங்களோ என்னவோ.

ஆனா அவங்க அங்க வந்தாங்க தம்பி. அந்தக் கதவுக்குத்தான் வந்தாங்க, ஒருத்தி விடாம. வெளிய போக இல்ல. பையை எடுக்க. பையிலதானே வீட்டுச் சாவி, பஸ் பாஸ், பிள்ளை போட்டோ எல்லாம். தகட்டுல காதை வெச்சேன், கம்பி கிலுக்குனு ஆடறது எனக்குக் கேக்குது. ஒவ்வொரு பையா எடுக்கறாங்க. எடுத்துக்கிட்டு, தினம் வீட்டுக்குப் போற வழியில திரும்பிப் போறாங்க. பொகை வர்ற அந்தப் படிக்கு.

என் மருமக குரல் கேட்டுச்சு. அத்தை பையையும் நான் எடுத்துக்கறேன்னா. பேசாம இருந்தவ. அப்புறம் பக்கத்துல எவளோ வெடுக்குனு இழுத்திருப்பா போல. ஏய் மெதுவா, கத்தும்டின்னா.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தக் கம்பி ஆடலை.

பூட்டலை தம்பி. பூட்டவே இல்ல. உங்க ஏட்டுல அப்படியே எழுதிக்குங்க. ஆனா அதோட நிறுத்திடாதீங்க. பூட்டலைன்னா முதலாளி நல்லவர்னு ஆயிடுமா? ஒரு ஆணி அடிச்சுத் தராதது யாரு? கத்தினா டீயைப் பிடுங்கினது யாரு? இரும்புப் பூட்டுப் போடலை, பயத்தால போட்டாங்க. எது எழுதினாலும் அதையும் சேத்து எழுதுங்க. இனிமே கட்டற இடத்துல முதல்ல பை மாட்ட ஒரு இடம் வெச்சுட்டு அப்புறம் கதவு வெக்கச் சொல்லுங்க.

என் மகனுக்கா? தெரியாது. அவன் ராத்திரி தூங்கறதே ஒரு நினைப்புலதான். அவ தள்ளினா, தள்ளித் தள்ளிப் பாத்தா, பாவிங்க பூட்டி வெச்சுட்டாங்கன்னு. அவனுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆள் இருக்கு. அதை நான் பிடுங்கிட்டா அவன் யாரைத் திட்டுவான்? அவளையா? ஒரு கை தூரம் தம்பி. ஒரு கை அழுத்தினாப் போதும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு மனுசன் எப்படிச் சோறு திம்பான்?

செருப்புச் சத்தம் கேக்குது. அவன்தான்.

வாப்பா. கிடைச்சுதா? சரி, அங்க வை. இந்தத் தம்பி விசாரணைக்கு வந்திருக்காரு, கதவைப் பத்திக் கேட்டாரு. சொல்லிட்டேன்பா. ஆமா, பூட்டித்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். அவ எவ்வளவோ தள்ளிப் பாத்திருக்கா. இல்லீங்களா தம்பி?