பட்டை கழற்றாத சுருட்டு

மழைக்காலத்தில் சுருட்டை அரிசிப் பானைக்குள் வைக்கக் கூடாது, ஐயா. நிறையப் பேர் செய்கிற தப்பு அது. அரிசி ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அது சுருட்டின் உயிரையும் சேர்த்து இழுத்துவிடும். உங்கள் மேஜைமீது கிடக்கிற அந்தப் பாதிச் சுருட்டைப் பார்த்ததும் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. தண்ணீரில் ஊறியதை எடுத்து வெயிலில் காயவைத்திருக்கிறீர்கள். ஆந்திரா போலீசுக்குப் புகையிலை தெரியாது என்று நான் சொல்லமாட்டேன், புகையிலை விளைகிற குண்டூரே உங்களிடம் இருக்கிறது. ஆனாலும் இது பாவம்.

என் பெயர் செங்கல்வராயன். வீடு வரதய்யபாளையம், வக்கீல் தொழில் புத்தூர் கோர்ட்டில். ஆந்திர ராஜ்யம் பிரிந்த நாளிலிருந்து எனக்கு வாரம் முழுக்க ஆந்திராவில் பிழைப்பு, சனி ஞாயிறு மதராஸ் ராஜ்யத்தில் தூக்கம். அப்புறம் பெரியவர்கள் எல்லையைப் பேசித் தீர்த்தார்கள். திருத்தணியை அந்தப் பக்கம் கொடுத்து எங்களை இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து என் தூக்கமும் ஆந்திராவில்தான். கட்டில் மட்டும் அதே கட்டில்.

போலீசிடம் சொல்லும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று எனக்குத் தெரியும். கவலை வேண்டாம், மாஜிஸ்ட்ரேட் முன்னாலும் இதையே சொல்கிறேன். எழுதுகிற கான்ஸ்டபிள் கங்கையாவைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நல்ல சுருட்டுக்கும் நல்ல வாக்குமூலத்துக்கும் அவசரம் ஆகாது.

சுருட்டும் பைப்பும் எனக்குப் பழக்கம் இல்லை, ரசனை. பழக்கம் என்பது வண்டிக்காரன் காதில் செருகிக்கொள்கிற பீடி. நான் முறையாகக் கற்றுக்கொண்டவன். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயம், சந்திரகிரிப் பக்கம் வேலை பார்த்த ஒரு துரை எனக்கு ஒரு பைப்பும், ஒரு பெட்டி ஹவானா சுருட்டும் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். ஒவ்வொரு சுருட்டின் இடுப்பிலும் சிவப்பும் பொன்னுமாக ஒரு காகிதப் பட்டை. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு பெட்டி யார் வீட்டிலும் கிடையாது. நாகலாபுரத்திலிருந்து கூட அதைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு சின்ன சபை. ரைஸ் மில் எத்திராஜ் வருவார், இன்னும் நாலு பெரிய மனிதர்கள் வருவார்கள். நான் பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்று எடுத்துக் கொடுப்பேன். எப்படி நுனியை வெட்டுவது, எப்படிச் சுழற்றிப் பற்றவைப்பது, ஏன் புகையை விழுங்கக் கூடாது என்று சொல்லித் தருவேன். வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். மனைவி ரத்தினம்மா மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்த வூட்டுக்குள்ள வச்சிக்கினு நான் இன்னாத்துக்கு ஊதுபத்தி ஏத்தறது" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை.

ஒரு பெட்டிச் சுருட்டு பதின்மூன்று வருஷம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். சபையில் யாரும் கேட்டதில்லை, அதுதான் நல்ல சபை. திருப்பதிக்கு எல்லோரும் மலையேறப் போவார்கள். நான் கீழ் பஜாரோடு திரும்பிவிடுவேன். அங்கே ஒரு கடையில் திண்டுக்கல் சுருட்டு தரமாகக் கிடைக்கும். துரை கொடுத்த பட்டைகளை நான் ஒன்றுகூட எறியவில்லை. சோற்றுக் கஞ்சியைத் தொட்டுப் பட்டையை ஒட்டிப் பெட்டியில் அடுக்கி, பத்து நாள் மூடிவைத்தால் அந்த மரத்தின் வாசனை ஏறிவிடும். ஏறினால் அது ஹவானாதான். இதில் மோசடி எங்கே இருக்கிறது? அதனால்தான் சபையில் யாரும் பட்டையைக் கழற்றக் கூடாது என்று ஒரு மரியாதை வைத்திருந்தேன். பிடித்து முடித்ததும் அடித்துண்டைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பட்டை எனக்குத் திரும்பி வந்துவிடும்.

போன வருஷம் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு டாக்டராக சம்பத் வந்தான். நகரிக்காரன். யுத்தத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு எகிப்து, இத்தாலி எல்லாம் சுற்றியவன். மரியாதையானவன், சிரித்த முகம், கையில் எப்போதும் சாணி வாசனை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ஊர்க் கோடியில், ஒரு கூரை வீட்டில் வெங்கடலட்சுமி என்கிற பெண்டாட்டியோடு குடியிருந்தான். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, எத்திராஜ் அவனை என் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் அவனுக்கும் ஒரு சுருட்டு கொடுத்தேன். அவன் செய்த முதல் காரியம், பட்டையைக் கழற்றியது. எங்கள் மரியாதையை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"வூட்ல நம்ம சம்சாரம் இதுக்காகக் காத்துக்கினு இருக்கும் சார்" என்று சிரித்தான். "எங்க எந்தச் சுருட்டு கெடச்சாலும் மொதல்ல பட்டையைக் கழட்டி எடுத்துக்கினு போயி அது கையில குடுத்துடணும். மோதிரமாப் போட்டுக்கும். அதுக்கப்புறந்தான் பத்த வெப்பேன்."

சொல்லிக்கொண்டே பட்டையைத் திருப்பினான். உள்பக்கம் விரலால் தடவினான். கஞ்சி, ஐயா. அந்தத் தடவை அவசரத்தில் முந்தின நாள்தான் ஒட்டியிருந்தேன், இன்னும் பிசுபிசுப்பு போகவில்லை. சுருட்டை மூக்கருகே ஒரு தடவை கொண்டுபோனான்.

"இன்னா சார், திண்டுக்கல்லு" என்றான். "நல்ல சரக்குதான் சார். இதுக்கு எதுக்கு வேஷம்? நம்ம ஊருக்குப் பட்டை மாத்தறாப்போல சுருட்டுக்கும் மாத்திட்டீங்களே!"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எத்திராஜ்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்கள் தங்கள் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்போது உள்ளேயிருந்து இன்னொரு சிரிப்பு கேட்டது. ரத்தினம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நானும் சிரித்தேன். "டாக்டருக்கு மூக்கு ரொம்பக் கூர்மை" என்றேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

அடுத்த வாரம் சபைக்கு யாரும் வரவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் கூடினார்கள் என்று கேள்வி. புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர், "ஹவானாவுக்கு ஒரு எடம் விடுப்பா" என்றான். கோர்ட்டில் குமாஸ்தா, "ஏமண்டி ஹவானா காரு, பாகுன்னாரா?" என்று தெலுங்கில் நலம் விசாரித்தார். ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் என் கட்சிக்காரரின் பத்திரத்தைத் தூக்கிக் காட்டி, பட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். முன்சீப்பே சிரித்தார். இருபது வருஷம் நான் சேர்த்த பெயர், ஐயா. ரைஸ் மில்லோ நிலமோ எனக்குப் பெரிதாகக் கிடையாது. தெரிந்தவன் என்கிற பெயர் ஒன்றுதான் சொத்து. அது போனால் செங்கல்வராயன் என்று கூப்பிட என்ன மிச்சம்? வீட்டில் சோறு போடும்போதுகூட ரத்தினம்மா, "இது அசல் பச்சரிசிதான், பட்டை ஒட்டல" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ஆனால் இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. சம்பத் ரசனை தெரியாதவன். சுருட்டை ருசிக்காமல் பரிசோதிக்கிறவன், மாட்டுக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. அப்படிப்பட்டவர்களால் ஊரில் நல்ல பழக்கம் எதுவும் நிலைக்காது. இந்தப் பொதுநலக் கண்ணோட்டத்தில்தான் நான் யோசித்தேன்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதியை நான் தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் நீங்கள் என்னைப் பாராட்டலாம். இருபது வருஷச் சட்ட அனுபவம் அது. மறுநாள் எங்கள் ஊர் கை மாறுகிறது. மதராஸ் போலீஸ்காரர்கள் பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இன்னும் வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் நடக்கிற காரியத்தை அவர்கள், நமக்கெதற்கு, நாளை முதல் ஆந்திரா என்பார்கள். நீங்கள், அது எங்கள் காலத்துக்கு முந்தியது என்பீர்கள். இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி என்கிற கதை. ஊர் ஜனம் முழுக்க வண்டி கட்டிக்கொண்டு சத்தியவேட்டுக்குப் போயிருந்தது. ஆபீஸ் போர்டு மாற்றுகிறார்களாம், கொடி ஏற்ற ஏற்பாடாம், வேடிக்கை பார்க்க. வெங்கடலட்சுமியும் பெண்களோடு போயிருந்தாள். சம்பத் போகவில்லை என்று எத்திராஜ் சொன்னார். விடிய விடிய ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்த களைப்பில் தூங்குகிறானாம்.

நான் வீட்டிலேயே ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கிளம்பினேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தெருவில் நாய்கூட இல்லை. பாதி வரை நிதானமாகப் பிடித்தேன், நல்ல சுருட்டை வீணாக்கக் கூடாது. டாக்டர் வீட்டு இறவாணம், அந்தக் கூரை விளிம்பு, என் தலை உயரத்துக்குத்தான் இருந்தது. மீதிச் சுருட்டை ஓலைக்குள் செருகினேன். படுத்துக்கொண்டே சுருட்டுப் பிடித்தான், தூங்கிவிட்டான், பற்றிக்கொண்டது. யாரும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லவும் சொன்னார்கள். மதராஸ் சப் இன்ஸ்பெக்டர் மூட்டைமேல் உட்கார்ந்தபடியே விபத்து என்று முடித்துவிட்டுப் போனார்.

நீங்கள்தான் வந்த முதல் நாளே உற்சாகம் தாங்காமல் ஊரைச் சுற்றினீர்கள். வெங்கடலட்சுமியும் உங்களைத் தேடி வந்துவிட்டாள். வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டியைக் கழுவப் போனாளாம், அடியில் இந்தப் பாதிச் சுருட்டு கிடந்ததாம். ஓலை எரிந்தபோது நழுவி அதில் விழுந்திருக்க வேண்டும். பட்டையைப் பார்த்து நீங்கள் என்னை வரவழைத்ததால், இந்த அறையில் அவள் சொன்னதை நானும் கேட்டேன்.

"பாருங்க சார், பட்டை அப்படியே கீது. எங்க வூட்டுக்காரரு பட்டையைக் கழட்டி என் வெரல்ல போடாம ஒரு நாளும் பத்த வெச்சது இல்ல. இது அவரு புடிச்ச சுருட்டே இல்ல."

விரலை நீட்டிக் காட்டினாள். என் பட்டை ஒன்று அதில் இருந்தது, பொங்கலுக்கப்புறம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையுடையது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை.

பட்டையைக் கழற்றிவிட்டுச் செருகியிருக்கலாமே என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். கழற்றியிருந்தால் அது வெறும் திண்டுக்கல் சுருட்டு, ஐயா. ஒரு வக்கீல் கையில் அதைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடப்பதா?

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கதவு எரிந்துபோனதால் அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. கூரையில் செருகுவதற்கு முன்னால், கதவின் வெளிச் சங்கிலியை எடுத்து மாட்டினேன். மெதுவாகத்தான், தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்று.

ஆனாலும் விழித்துக்கொண்டான். முதலில் இருமல். அப்புறம் கதவை இழுக்கிற சத்தம். அப்புறம், "வெளியே யாரு? வக்கீல் சாரா? சார், நீங்கதானே? உங்க சுருட்டு வாசனை வருது சார். கதவைத் தெறங்க சார்" என்றான். அத்தனை புகையில், அந்த மூக்கு! ஓலைப் புகையையும் புகையிலையையும் பிரித்து எடுத்து ஆளையும் சொல்லிவிட்டான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. திறமையை மதிக்கத் தெரிந்தவன் நான்.

சங்கிலிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எடுத்துவிடத்தான் வைத்தேன். சுருட்டு வாசனை என்றானே, என்ன சுருட்டு என்று சொல்வான் என்று காத்திருந்தேன். ஒரே வார்த்தை, ஹவானா என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் திறந்திருப்பேன், இது சத்தியம். அவன் வெங்கடலட்சுமியைக் கூப்பிட்டான். அப்புறம் யாரையும் கூப்பிடவில்லை. சங்கிலி சுட ஆரம்பித்ததும் கையை எடுத்துக்கொண்டேன். இதோ, இந்தக் கொப்புளம் அதுதான்.

சம்பத்தைக் கொன்றது நான்தான். வார்த்தையை மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவமானத்துக்காக இல்லை, ஆத்திரத்துக்காக இல்லை. ஊரில் ரசனை தெரிந்தவன் ஒருவனாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக.

கடைசியாக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நேற்றுச் சாயங்காலம் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது, சிவப்புப் பட்டை போட்ட ஒரு சுருட்டைக் கொடுத்தீர்களே, அதை இழுத்த பிறகுதான் இவ்வளவையும் சொல்ல மனம் வந்தது. முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, அசல் ஹவானா. துரை போன பிறகு அந்த ருசி என் நாக்குக்குக் கிடைக்கவே இல்லை. கங்கையா என்னவோ, அது சத்தியவேட்டுச் சந்தையில் வாங்கினது, என் வீட்டிலிருந்து எடுத்துவந்த பெட்டியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து நீங்களே கஞ்சி போட்டு ஒட்டினீர்கள் என்று சொல்லிச் சிரிக்கிறார். சின்ன மனிதர், விடுங்கள். அவருக்கு என்ன தெரியும் சுருட்டைப் பற்றி.