குனிந்த தலை

அம்புஜம்: காமு, காபி ஆறிடும். கொஞ்சம் நிமிரேன்.

காமாக்ஷி: ஸ்ட்ரா இருக்கு, அக்கா. குனிஞ்சே குடிச்சுக்கறேன்.

அம்புஜம்: உன்னோட பேசினா உச்சிமண்டைதான் பதில் சொல்றது…

ஷ்ரேயா: அம்மா கண்ணுக்குள்ள காத்துக் குமிழி விட்டிருக்கா, அத்தை. குனிஞ்சிண்டே இருந்தாத்தான் அது போய் விழித்திரையில இருக்கற ஓட்டையை அமுக்கும். நிமிர்ந்தா மூடாது.

அம்புஜம்: தெரியும்டி. அந்த ஆபரேஷனுக்கு அலைஞ்சதே என் தம்பிதான். உங்கம்மா கண்ணைக் காப்பாத்திட்டு, அந்த வாரமே அவன்…

காமாக்ஷி: அக்கா, வேண்டாம். நான் அழக்கூடாது.

அம்புஜம்: சரி, சரி… ஆனா நாளைக்குப் பத்தாம் நாள் காரியம். சைதாப்பேட்டை சித்தப்பா வேற கேக்கறார். உன்னை உக்கார வச்சு, பூ வச்சு, வளையல் அடுக்கி…

காமாக்ஷி: அப்புறம் எல்லாத்தையும் எடுக்கணும்.

அம்புஜம்: வழக்கம்தானே.

ஷ்ரேயா: நெத்தியே தரையைப் பாத்துண்டிருக்கு. குங்குமத்தை எங்க இட்டு எங்க அழிப்பா?

அம்புஜம்: வாயாடி. நேத்து டாக்டர் என்னதான் சொன்னார்?

ஷ்ரேயா: அது… இன்னும் ஒரு வாரம் குனிஞ்சே இருக்கணுமாம்.

அம்புஜம்: ஒரு வாரமா?

காமாக்ஷி: ஒரு வாரம், அக்கா.

அம்புஜம்: தலைக்குக் குளிக்கறது?

ஷ்ரேயா: கூடாது. கண்ணுல தண்ணி படும்.

அம்புஜம்: எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கேள். எங்காத்துக்காரர் போனப்போ எனக்கு மட்டும் பண்ணலையா?

காமாக்ஷி: பண்ணினா. சுமங்கலி பாக்கக் கூடாதுன்னு என்னைக் கதவுக்கு வெளியில நிறுத்திட்டா. வளையல் உடையற சத்தம் கேட்டுது. உங்க சத்தம் கேக்கவே இல்லை. நான் மாட்டேன், அக்கா. கண்ணு வந்தாலும் மாட்டேன், போனாலும் மாட்டேன்.

அம்புஜம்: இப்படிப் பேசினா சித்தப்பா விடுவாரா?

ஷ்ரேயா: அத்தை… கேட் திறக்கற சத்தம். அவர்தான்.

காமாக்ஷி: என்ன சொல்லப் போறேள், அக்கா?

அம்புஜம்: டாக்டர் இன்னும் ஒரு வாரம்னார்னு சொல்லுவேன். கார்த்தால நீ பால்கனியில நிமிர்ந்து நின்னு, நல்ல கண்ணைப் பொத்திண்டு, டிப்போவுக்குள்ள திரும்பற பஸ் நம்பரை எல்லாம் வாய்விட்டுப் படிச்சிண்டிருந்தியே… டாக்டர் நேத்தே நிமிரச் சொல்லிட்டார்னு எனக்கு அப்பவே தெரியும். மாடிப்படி ஏறிண்டிருக்கார், பேசாம குனிஞ்சுக்கோ.