கைய புடிச்சிட்டு உக்காந்தா வேலையா?

"...கைய புடிச்சிட்டு உக்காந்திருக்க ஒரு ஆளு வேணுமா சார், நீங்களே சொல்லுங்க! இப்பிடி தள்ளி உக்காருங்க, பஸ்ஸு ஜன்னல்ல வெயிலு. எங்கப்பாவுக்கு மறதி நோவு. என் பேரே தெரியாது. பாத்துக்கறதுக்கு ஹோம் நர்ஸு ஒரு பொண்ண வெச்சிருந்தன். முனிலட்சுமின்னு, குந்தாரப்பள்ளிக்காரி. நான் ஓசூர்ல ஃபேக்டரில குவாலிட்டி பாக்கறன். ஒரு மிஷினு சும்மா நின்னாலே எனக்கு ஆவாது. அதான் வீட்ல கேமரா மாட்டனன்.

போன்ல பாக்கறன்... அய்யய்யோ! ஊட்டறதுக்கு முன்னாடி கைய புடிச்சிக்கறா. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி முதுக தடவறா. எல்லாம் முடிஞ்சப்பறமும், கை மேல கைய வெச்சிக்கிட்டு ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்காங்க சார், பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி!

கேட்டன். 'தொட்டுட்டே இருந்தா பயப்படமாட்டாருண்ணா'ங்கறா. பயமா? எங்கப்பாவுக்கா? அவரு தோட்டத்துல கால வெச்சாலே ஆளுங்க பீடிய மறைப்பாங்க! என்னியவே தொட்டதில்ல சார்... அடிச்சதோட சரி.

நின்னுக்கம்மான்னுட்டன்.

அடுத்தது ஏஜென்சில இருந்து ஒரு அம்மா. சுத்தம்னா சுத்தம்! கிளவுஸ் போடாம கிட்டவே போவாது. ஒரு நிமிசம் உக்காராது. பாக்கப் பாக்க எனக்கு மனசு குளுந்துச்சி. ஆனா இந்தப் பெரிசு இருக்குதே... கிளவுஸப் பாத்தாலே கத்தறாரு. ஸ்பூன தட்டி உடறாரு. ஒரு நாளு கிளவுஸோட சேத்துக் கடிச்சே வெச்சிட்டாரு! அந்தம்மாவும் போயிடுச்சி. அப்பறம் யாரு ஊட்டுனாலும் மனுசன் வாயவே தொறக்கல. இப்பிடியே போனா மூக்குல டியூப்தான்னுட்டாரு டாக்டரு.

என்னா பண்றது? இன்னிக்கி லீவப் போட்டுட்டு, களிய மோருல கரைச்சி சொம்புல நானே எடுத்துட்டுப் போனன். மொறைச்சாரு. எனக்கு எங்க தொடறதுன்னே தெரியில சார். கால தொட்டிருக்கன், கல்யாணத்தன்னிக்கி. கைய... ம்ஹூம். சும்மா மேல வெச்சன். மண்வெட்டி புடிச்ச கை சார், நனைஞ்ச துணியாட்டம் கெடக்குது. அப்பிடியே உக்காந்திருந்தன். வேற ஒரு வேலையும் பாக்கல, சத்தியமா. கேமரா வேற எதிர்லயே!

கண்ண மூடிட்டாரு. என் வெரல கெட்டியா புடிச்சிக்கிட்டு, 'வந்துட்டியா முனிலட்சுமி?'ன்னாரு.

நான் என்னா சொல்லட்டும்? 'வந்துட்டன்'னன். வாயத் தொறந்தாரு. பாதி சொம்பு உள்ள போச்சி.

அதான், எங்க வீட்டம்மா அருணாவ பக்கத்துல உக்கார வெச்சிட்டு, குந்தாரப்பள்ளிக்குக் கெளம்பிட்டன். கூப்ட்டா வருவாளோ என்னமோ... வேற வீடு புடிச்சிட்டான்னு சொல்றாங்க. வரலன்னா, நாளைக்கும் நான்தான் முனிலட்சுமி!

என்னா சார், எந்திரிச்சிட்டீங்க? இது சூளகிரிதான்... நீங்க கிருஷ்ணகிரிக்குத்தான டிக்கெட்டு வாங்குனீங்க? சார்!"