இல்லாத தொண்ணூற்றாறாம் பக்கம்

அவையோரே, மேடை ஏறினால் எனக்குப் பாதி மறந்துவிடும். மீதிப் பாதியைச் சொன்னேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். ஆகையால் வணக்கத்துக்கும் முன்னால், பேசப் போவதை எண் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆய்வேட்டின் நான்கு ஓரத்திலும் வெற்றிடம் விட வேண்டும்.
2. யாரிடமிருந்து எடுத்தோமோ அவரைச் சொல்ல வேண்டும்.
3. கண்ணால் பார்க்காத நூலைப் பார்த்ததாகப் பட்டியலில் போடக் கூடாது.
4. எல்லோருக்கும் தெரிந்த செய்திக்குச் சான்று காட்டத் தேவையில்லை.

இந்த நான்கும் உங்கள் கையில் இருக்கும் கையேட்டிலும் இருக்கின்றன. எழுதியவன் அடியேன்தான். ஆகவே நடுவில் கண்ணயர்ந்தாலும் நஷ்டமில்லை.

இனி வணக்கம். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு எனக்குத் தைரியம் தந்திருக்கும் தலைவர் அம்மையார் அவர்களே! குரலில் இடியும் குணத்தில் மழையும் கொண்டு என் வலப்பக்கம் வீற்றிருக்கும் பேராசிரியர் அவர்களே! (மாணவர்கள் அவரை "இடி" என்றே அழைக்கிறார்கள். சிரிக்காதீர்கள், அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.) அனுபவத்தில் மூத்த ஆன்றோர்களே! பிள்ளை என்ன படிக்கிறது என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், "ஏதோ பெரிசா எழுதுதுங்க" என்று சமாளித்துவரும் தாய்மார்களே! "எப்போ முடியும்?" என்று கேட்பதையே விட்டுவிட்ட கணவன்மார்களே, மனைவிமார்களே! இன்று ஆய்வுலகில் அடியெடுத்து வைக்கும் அருமைச் செல்வங்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

முதலாவது, ஓரம். ஓய்வு பெற்ற பிறகும், அச்சுக்கும் தையலுக்கும் போகுமுன் ஆய்வேடுகள் என் மேசைக்கு வருகின்றன. நான் அடிக்கோலை வைத்து அளப்பேன். அதனால் எனக்கு "அளவுகோல்" என்றே பெயர். ஒரு தம்பி, மெலிந்த ஆய்வேட்டைக் கொழுக்க வைப்பதற்காக நான்கு பக்கமும் தாராளமாக இடம் விட்டு வந்தார்.

"ஏன் தம்பி, இவ்வளவு இடம்?"

"படிக்கிறவங்க கொஞ்சம் மூச்சு விடட்டும்னுதாங்க ஐயா."

"நீ விட்டிருக்கிற இடத்துல அவங்க குடித்தனமே நடத்தலாம்ப்பா!"

கூடினால் இது. குறைந்தால்? இடப்பக்கத்தைத் தையல் தின்றுவிடும். பல் மருத்துவர் வாயைப் பிளப்பதுபோல் புத்தகத்தைப் பிளந்துதான் படிக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு எழுதியதை இன்னொருவர் இடுக்கில் எட்டிப் பார்த்தா படிக்க வேண்டும்? ஆகவே, அளந்து விடுங்கள்.

இரண்டாவது, எடுத்த இடத்தைச் சொல்வது. ஒரு கருத்து எங்கே பிறந்தது, யார் அதை வளர்த்தார், யார் கைப்பிடித்து உங்களிடம் கூட்டிவந்தார் என்று சொல்லாமல் விடுவது, விருந்தாளியை வீட்டுக்குள் விட்டு ஊர் பேர் கேட்காமல் இருப்பது போல. உதாரணம் காட்டுகிறேன். "எண் போட்டுச் சொல்லிடுங்க, இல்லேன்னா எங்க கைதட்டறதுன்னே யாருக்கும் தெரியாது." கூறியவர்: என் மனைவி. இடம்: எங்கள் சமையலறை. நாள்: இன்று காலை. இதோ, முறைப்படி சான்று காட்டிவிட்டேன். (அங்கே கைதட்டுவது அவர்தான். என் கணக்கில் இந்தக் கைதட்டலைச் சேர்க்காதீர்கள்.)

மூன்றாவதுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பேராசிரியரின் மாணவி ஒருவர். கால்நடை மருத்துவர். கோழிகளைப் பற்றி ஆராய்ந்ததால் எல்லோருக்கும் "கோழி டாக்டர்". மூன்றாவது வரிசையில் முகத்தை மறைத்துக்கொள்கிறாரே, அவரேதான். சத்தம் கேட்டால் கோழிகள் முட்டையிடுவது குறையும் என்று அந்தத் துறையில் எல்லோரும் எழுதுவார்கள். எவ்வளவு குறைகிறது என்று அளப்பதுதான் இவர் வேலை. ரயில் பாதையோரக் கொட்டகை ஒன்று, அமைதியான தோட்டத்துக் கொட்டகை ஒன்று. பொறுமையாகப் பார்த்தார், பொழுதெல்லாம் பார்த்தார். வந்த முடிவு என்ன தெரியுமா? இரண்டு கொட்டகையிலும் கோழிகள் ஒரே மாதிரி முட்டையிட்டன!

பேராசிரியர் என்ன சொன்னார்? அவர் அனுமதியோடு அவர் குரலிலேயே சொல்லிப் பார்க்கிறேன். என் தொண்டைக்கு அவ்வளவு வராது.

"ஏம்மா, உலகத்துக்கே தெரிஞ்சதை உன் கோழி மட்டும் மாத்திச் சொல்லுதா? கணக்குல எங்கயோ கோளாறு. மறுபடி முதல்ல இருந்து செய்."

"சார், நானும் நம்பாமத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கணக்கு சரியா இருக்குங்க சார்."

"எல்லாரும் தப்பு, நீ மட்டும் சரியா? போம்மா."

மறுபடி செய்வதென்றால் சும்மாவா? கால்நடைக் கல்லூரி ஒன்றில் அவருக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. பட்டம் கையில் இருந்தால்தான் சேர முடியும். முதலிலிருந்து தொடங்கினால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். வாழ்க்கையே கோழிகளின் சொல்லைப் பொறுத்து நின்றது!

அந்த நிலையில்தான் என் மேசைக்கு வந்தார். "மறுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நூற்பட்டியலையாவது ஒழுங்கு பண்ணிக்கிறேங்க ஐயா" என்றார். பட்டியலைப் படித்தேன். மிகப் பழைய ஆய்விதழ் ஒன்று அதில் இருந்தது. வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"இந்த இதழைப் பார்த்தீங்களாம்மா?"

"இல்லைங்க ஐயா. ஆனா எல்லாரும் போட்டிருக்காங்க. சத்தத்தைப் பத்தி எழுதுற எல்லாருமே இந்த இதழ், தொண்ணூத்தாறாம் பக்கம்னுதான் போடுவாங்க."

"பார்க்காததைப் போடக் கூடாதேம்மா. ஒண்ணு பாருங்க, இல்லேன்னா எடுத்துடுங்க."

அவருக்கு அலுப்பு. யாருக்குத்தான் வராது? ஆயினும் நூலகத்தின் அடித்தளத்துக்குப் போனார். தும்மிக்கொண்டே தேடினார். இதழ் கிடைத்தது. தொண்ணூற்றாறாம் பக்கம் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? அந்த இதழே எண்பது பக்கத்தோடு முடிந்துவிட்டது!

நண்பர்களே, நினைத்துப் பாருங்கள்! எண்பது பக்க இதழின் தொண்ணூற்றாறாம் பக்கத்தை எத்தனை அறிஞர்கள் படித்திருக்கிறார்கள்! எத்தனை பேராசிரியர்கள் வழிமொழிந்திருக்கிறார்கள்! எத்தனை மேடைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்! அச்சில் இல்லாத பக்கம் அத்தனை பேர் அடிக்குறிப்பிலும் அமர்ந்திருக்கிறது! (பேராசிரியர் அவர்களே, நீங்கள் சிரிப்பதால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.)

இதழை வாங்கிக்கொண்டு என்னிடமே வந்தார். நான் அட்டையைப் பார்த்தேன், ஆண்டைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது அவருக்குத்தான்.

"ஐயா, முதல்ல போட்டவரோ, அச்சுக் கோத்தவரோ எண்ணைத் திருப்பிப் போட்டிருந்தா? ஆறு, ஒன்பதைப் போய் ஒன்பது, ஆறுன்னு?"

அறுபத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்பினார். அங்கே இருந்த வரிகளை அப்படியே படிக்கிறேன்: "சத்தத்தால் முட்டை குறைகிறது என்று பண்ணைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. யாரேனும் சோதித்தால் நன்று."

அவ்வளவுதான்! சோதிக்கவில்லை என்று எழுதியதைச் சோதித்து நிறுவியதாக ஒருவர் போட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர் போட்டார். அடுத்தவரைப் பார்த்து அனைவரும் போட்டார்கள். அந்தப் பழைய மனிதர் "யாரேனும் சோதித்தால் நன்று" என்று கேட்டதை முதன்முதலில் செய்தவர் இந்த அம்மாதான், அதைத்தான் செய்கிறோம் என்று தெரியாமலேயே!

இதழை எடுத்துக்கொண்டு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனார். நானும் போனேன், கதவு வரைக்கும். உள்ளே போனது அவர் மட்டும்தான். நான் சுவரோரம் நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றேன்.

"என்னம்மா, மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

"இல்லைங்க சார். இந்தப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை படிச்சிடுங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்றேன்."

இடி இடிக்கும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். இடிக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு! வராந்தாவில் போன இருவர் நின்றுவிட்டார்கள்.

"என் ஆய்வேட்டுலயும் தொண்ணூத்தாறுதான் போட்டிருக்கேன்! இங்க பாரும்மா!" பிறகு குரலைத் தணித்து, "கொண்டா. எங்க கையெழுத்து போடணும்?" என்றார்.

போட்டார்! அந்தப் பழைய வரிகளையே முதல் அத்தியாயத்தின் தொடக்கமாக வைக்கச் சொன்னதும் அவர்தான். பட்டம் வந்தது. வேலையிலும் சேர்ந்தார். இவர் இன்று மாணவராக அல்ல, ஆசிரியராக அந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார். எழுந்து நில்லுங்கள் அம்மா, எல்லோரும் பார்க்கட்டும்!

இளையோரே! மேற்கோள் என்பது வெறும் எண்ணா? வெற்று அலங்காரமா? அது கதவு. திறந்து பார்ப்பதற்காகவே வைத்த கதவு. திறவுங்கள்! தும்மினாலும் திறவுங்கள்! அலுத்தாலும் திறவுங்கள்! உள்ளே ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கலாம்!

நன்றி, நன்றி. இனி நான்காவது. எல்லோருக்கும் தெரிந்த செய்திக்குச் சான்று தேவையில்லை. உதாரணமாக...

என்ன, கோழி டாக்டர் அம்மா? உரக்கச் சொல்லுங்கள், மேடைக்குக் கேட்கவில்லை.

"ஐயா, முட்டை குறையும்ங்கிறதும் எல்லாருக்கும் தெரிஞ்சதாத்தானே இருந்தது?"

இருந்தது.

இருந்ததம்மா. உலகத்துக்கே தெரிந்திருந்தது.

பொறுங்கள். என் குறிப்பைப் புரட்டிப் பார்க்கிறேன். சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைத்தான் உதாரணமாக எழுதிவந்தேன். அதற்குச் சான்று கேட்டு யாரும் உங்களைத் தொல்லை செய்யப் போவதில்லை. ஆனால் உங்கள் ஆய்வே எதன் மேல் நிற்கிறதோ, அதை "யாவரும் அறிந்ததே" என்று எழுதித் தாண்டிப் போகக் கூடாது. அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் கையேட்டில் எழுதவில்லை. சொல்லப் போனால், இந்தக் கதையை இவ்வளவு நேரம் நானே உங்களுக்குச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

தலைவர் அம்மையார் அவர்களே, உங்கள் பேனாவைக் கொஞ்சம் தருகிறீர்களா? அவையோரே, கையேட்டில் நான்காவது விதி தவறு. நான் அடிக்கிறேன், நீங்களும் அடித்துவிடுங்கள். ஓரத்தில்தான் இடம் இருக்கிறதே, சரியானதை அங்கே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தியவர் யார் என்று கோழி டாக்டரின் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், கேள்வி கேட்டவருக்கும் என் நன்றி. வணக்கம்.