இடது பின்கதவு

மாலை ஆறே முக்கால். ஒரு பக்கம் இழுத்து மூடப்பட்ட ஆலையின் நீள மதில். மறுபக்கம் ஏரி. நடுவில் ஈ காக்கை இல்லாத தார்ச்சாலை... அதில் ஒரே ஒரு கார். ஓட்டி வந்தது என் நண்பனின் சித்தி.

கதை விடுகிறேன் என்று யாரும் சிரிக்க வேண்டாம். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் கிட்டே வாருங்கள், கத்திச் சொல்கிற விஷயம் இல்லை.

சித்திக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "ஆடாம நில்லுங்க... ம், ஆச்சு." பகல் முழுக்க அவள் பேசுவது அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் அதுகூட இல்லை. கார், சித்தப்பா ஆசை ஆசையாக புக் செய்தது. வண்டி வருவதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஷோரூமில் சாவியைக் கையில் கொடுத்து, "சிரிங்க மேடம்" என்று போட்டோ எடுத்தார்கள். சித்தி சிரித்தாள். அழச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். யார் எதைச் சொன்னாலும் செய்கிற நிலைமை அப்போது.

அந்தப் புது வண்டியில்தான் கோளாறு.

ஏரி தொடங்கும்போது வண்டிக்குள் ஒரு வாடை வரும். ஈரத் துணியைக் காயாமல் மடித்து வைத்தால் வருமே... அது. மதில் முடிகிற இடத்தில் 'டிங்' என்று ஒரு மணி. எதிரே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. இடது பின்கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே பின்னால்... டப். கதவு சாத்துகிற சத்தம். விளக்கு அணையும். வாடையும் போய்விடும்.

முதல் தடவை இறங்கிப் பார்த்தாள். கதவு பூட்டியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும்தான் இது. காலையில் அதே சாலையில் போனால் ஒன்றும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் சென்சாரை மாற்றினார்கள். டப். வயரை மாற்றினார்கள். டப். கடைசியில் பூட்டையே கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். "வண்டி பக்காவா இருக்கு மேடம்" என்று ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

கூட வேலை பார்க்கும் நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அது உங்க வீட்டுக்காரரா இருக்குமோ?"

"அவரா இருந்தா முன்சீட்டுல உக்காந்து, 'மெதுவா போ, மெதுவா போ'ன்னு என் உயிரை வாங்கியிருப்பார்" என்றாள் சித்தி. நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. அவள் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். அவராக இருக்கட்டும் என்று வண்டிக்குள் பலமுறை பேசியும் பார்த்திருக்கிறாள்... பதில் வந்ததில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு போர்மேன். என்ஜினில் காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார், அதனால் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். "இன்னைக்கு நானே வரேன் மேடம். கதவு பக்கத்துலயே உக்காந்து பாத்துடறேன்" என்று ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார். பின்சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்து, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஏரி வந்தது. வாடை வந்தது. மதில் முடிந்தது...

மணி அடிக்கவில்லை. விளக்கு எரியவில்லை.

"ஒண்ணும் ஆகல பாருங்க" என்றாள் சித்தி. கண்ணாடியில் பார்த்தாள். போர்மேன் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாடை மட்டும் போகவில்லை.

ஒர்க்‌ஷாப் வாசலில் அவரை இறக்கிவிட்டாள். அவர் அவள் ஜன்னலோரமாக வந்து குனிந்தார்.

"மேடம்... பஸ்ல உள்சீட்டுக்காரங்க இறங்கணும்னா நம்ம முட்டியை இடிப்பாங்கல்ல... வழி விடுங்கன்னு... அப்படி இடிச்சுது. ரெண்டு தரம். நான் பயத்துல நகரவே இல்ல." சாவிக்குக் கை நீட்டினார். "வண்டியை இங்கயே விட்டுட்டுப் போங்க. ஆட்டோ பிடிச்சுத் தரேன்."

"காலைல டியூட்டி இருக்கு" என்றாள் சித்தி. கிளம்பிவிட்டாள்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்கு வேறு வழி. ஏரி குறுக்கே வராது.

போர்டிகோவில் வண்டியை நிறுத்தினாள். என்ஜினை அணைக்கக் கை போகும்போது... டிங். சிவப்பு விளக்கு. டப்.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. இறங்கிப் போய் வாசல் கதவைத் திறந்தாள். உள்ளே போகாமல், விருந்தாளிக்குப் பிடிப்பது போலக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றாள். வாடை அவளைத் தாண்டிப் போனது.

அதன் பிறகு வண்டியில் எந்தத் தொந்தரவும் இல்லை. கோளாறு சரிசெய்யப்பட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதிக்கொண்டார்கள். போர்மேன் மட்டும் அந்த வண்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், என் நண்பன் சித்தியைப் பார்க்கப் போனான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் அவள் பக்கத்தில் உட்காரப் போனான்.

"அங்க வேணாம்ப்பா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோ."

அவன் சட்டென்று பின்வாங்கினான். "சித்தி... சித்தப்பாவா?"

"அவர் இல்ல."

"பின்ன யாரு?"

"தெரியல. கேக்கல."

"என்கூட வந்துடுங்க சித்தி. இப்பவே கிளம்பலாம்."

டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, பால் வாங்க வேண்டும் என்று சொல்வது போல, அதே குரலில் சொன்னாள்.

"முதல்ல ஹால்லயேதான் இருந்துச்சு. அப்புறம் ரூம் வாசல் வரைக்கும் வந்துச்சு. இப்ப... நான் கட்டில்ல சுவரோரமா ஒதுங்கிப் படுத்துக்கறேன்."