கேமராவுக்குள் சிக்கிய கேசட்

— “நவம்பர் ஒன்பது, புதன்கிழமை. காலை முதல் விட்டுவிட்டு மழை. காற்றில் ஈரம் மிகுதி.” இவ்வளவு போதுமா, தங்கையே?

— போதும் ஐயா. நானா இருந்தா ‘மழை’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன். உங்க கையெழுத்து பட்டு என் நோட்டுக்கே ஒரு களை வந்துடுச்சு.

— ஏம்மா, உடைஞ்ச வீடியோ கேமரா விக்கிறதுக்கு மழை வெயிலெல்லாம் எதுக்கு எழுதணும்? இது ரிப்பேர் கடையா, ரேடியோ செய்தியா?

— ஈரத்துல ஓட்டினா உள்ள சுத்துற உருளையில டேப் ஒட்டிக்கிட்டுப் பிய்ஞ்சுடும் அண்ணே. அப்புறம், ‘நல்லாத்தான் இருந்துச்சு, நீதான் கெடுத்தே’ன்னு என்கிட்ட மல்லுக்கு வருவாங்க. அதான் என்னென்ன உடைஞ்சிருக்கு, அன்னிக்கு வானம் எப்படின்னு வாங்குறவங்க கையாலேயே எழுதி வாங்கிடுவேன். கீழ கையெழுத்து, பக்கத்துல என் கடை முத்திரை.

— கேட்டீங்களா அத்தான்? பிய்யும்னு கடைக்காரம்மாவே சொல்றாங்க. லென்சுல விரிசல், திரை இருட்டு, கேசட் மூடி திறக்கவே மாட்டேங்குது. இதை வாங்கி வீட்டுல எங்க வைக்கிறது, எங்க அக்கா தலையிலயா? நான் சொல்றேன்ல, எந்திரிங்க, போலாம்.

— பொறு, மைத்துனா. எழுதத் தொடங்கியதை முடிக்காமல் எழுவது என் வழக்கமன்று. “லென்சில் விரிசல். திரை இயங்கவில்லை. கேசட் உள்ளே சிக்கியுள்ளது.” மேலே அச்சிட்டிருப்பதையும் முழுமையாகப் படித்த பின்னரே கையொப்பம் இடுவேன்.

— நிதானமாப் படிங்க ஐயா. இதைப் படிச்சுட்டுப் போடுற மொத ஆளு நீங்கதான். மத்தவங்க கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுட்டுப் போயிடுவாங்க.

— நானும் ஒருமுறை அவ்வாறு செய்தவன். அன்று எனக்குக் கையொப்பமும் இல்லை, பெருவிரல்தான்.

— தப்பா நெனைக்காதீங்க... இடது கையில ரெண்டு விரல் காணோமே.

— அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், வெட்டும் இயந்திரத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பணி செய்தேன். காப்புத் தகடு கழன்று தொங்குகிறது என்று மேலாளரிடம் மூன்று முறை சுட்டிக்காட்டினேன். நான்காம் முறை சுட்டிக்காட்ட விரல் இல்லை.

— அத்தான், இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?

— கேட்டார், விடை கூறுகிறேன். மருத்துவமனையிலிருந்து வந்ததும் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மேலாளர் ஒரு தாளை நீட்டினார். மருத்துவச் செலவும் மாற்று வேலையும் தருவதாக அதில் எழுதியிருந்ததை இவன்தான் எனக்கு வாசித்துக் காட்டினான். பெருவிரல் வைத்தேன். அடுத்த வாரம் வாயிற்காவலர் என்னை உள்ளே விடவில்லை. குடித்துவிட்டு, ஓடும் இயந்திரத்தில் கை வைத்ததாக நானே ஒப்புக்கொண்டேனாம். தாளில் அப்படி இருந்ததாம்.

— அடப்பாவிங்களா!

— நான் வாசிச்ச தாள் வேறம்மா. நாங்க அசந்த நேரத்துல மேனேஜர் தாளை மாத்திட்டான். பன்னெண்டு வருஷமா இதைத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

— அவர் மாற்றியதை இந்தக் கேமரா பார்த்தது. நான் மனமுவந்து விரல் வைத்தேன் என்பதற்குச் சான்றாக எழுத்தர் இதில்தான் படம் பிடித்தார். நான் விரல் மையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது, கேசட் வெளியே வரவில்லை என்று அவர் இதை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். லென்சு உடைந்தது அப்போதுதான். சலித்துப்போய் அலமாரிக்குள் எறிந்தார்.

— ஓ, அதான் ‘பெட்டி ஆலை அலுவலகம், எண் ஏழு’ன்னு சீட்டு ஒட்டியிருந்துச்சா! அங்க பழைய சாமானையெல்லாம் மொத்தமாத் தள்ளி விட்டாங்க, அதோட வந்தது இது.

— உங்கள் கண்ணாடிப் பெட்டியில் அச்சீட்டைக் கண்டேன். வேறெவரும் படித்துச் சொல்லவில்லை, தங்கையே, நானே படித்தேன். ஐம்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து கற்ற எழுத்து.

— சரி, படிச்சீங்க, பெருமைதான். அது கெடைச்சு இப்ப என்ன ஆகப்போவுது? அந்த மேனேஜரே ரிட்டயர் ஆகப்போறான். சர்க்கரை, முட்டி வலி, ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. விட்டுத் தொலைங்க.

— வரும் சனிக்கிழமை அவருக்குப் பிரிவு விழா. மேடை, மாலை, பெரிய திரை. அத்திரையில் அவர் கை தாளை மாற்றுவதை அவருடைய மனைவி மக்கள் காண வேண்டும். எழுந்து நிற்க இயலாமல் அவர் நாற்காலியைப் பற்ற வேண்டும். பற்றும் கையில் பத்து விரல்களும் இருந்தும் பிடி கிடைக்கக் கூடாது. இந்த ஒரு பாடத்தைத்தான் பன்னிரண்டு ஆண்டுகளாக மனனம் செய்துகொண்டிருக்கிறேன்.

— நல்லாயிருக்கு. நான் இன்னும் அங்கதான சூப்பர்வைசர்? என்னையும் சேர்த்துத் தொரத்துவான். அப்புறம் ரெண்டு வீட்டு அடுப்பையும் யாரு பத்த வைக்கிறது?

— உன் ஊதியத்தில்தான் என் வீடு உண்டது. மறக்கவில்லை. மாலை வகுப்புக்கு நோட்டும் பேனாவும் வாங்கித் தந்தவனும் நீ. ஆகவேதான் உன்னை அழைத்து வந்தேன். அவர் முகத்திரை கிழியும்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

— அண்ணே, சும்மா பயமுறுத்தாதீங்க. லென்ஸ் புதுசாப் படம் புடிக்கத்தான் வேணும்; உள்ள இருக்கிறதைப் பாக்க வேணாம். நேத்து ஐயா எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போனதுமே வெளி ஓட்டைக் கழட்டி, ராத்திரி முழுக்க விளக்குச் சூட்டுல காய வச்சுட்டேன். பெல்ட் அறுந்திருந்துச்சு, இன்னொரு செத்த கேமராவுலேருந்து உருவிப் போட்டாச்சு. ஐயா, கையெழுத்து?

— இட்டுவிட்டேன்.

— முத்திரையும் குத்தியாச்சு. இனி இது உங்க கேமரா. ஸ்பீக்கர் ஊமை, அதனால இயர்ஃபோன் என் காதுல. கண்ணை வச்சுப் பாக்கிற இந்தச் சின்னக் கண்ணாடியில படம் பாத்துக்கிட்டே, கேக்கிறதை அப்படியே சொல்றேன். ஓடட்டுமா?

— நான் சொல்றேன்ல, பிய்யப் போவுது.

— ஓடுது ஐயா, ஓடுது! ஆபீஸ்... மேசைக் கால்... யாரோ ‘எடுக்கட்டுமா சார்’ங்கிறாரு. அட, நின்னுடுச்சே.

— நின்றதா? தட்டுங்கள்!

— தட்டவே கூடாது. இருங்க, மறுபடி வருது. ஆனா இப்ப கூரையும் ஃபேனும்தான் தெரியுது. கேமரா மேசையில மல்லாந்து கிடக்கு. அடக் கடவுளே, புரிஞ்சுபோச்சு. புதுசாப் புடிக்கிறவங்க பண்ற கோளாறு இது. பட்டனை முன்னாடியே ஒரு தடவை அமுக்கிட்டாரு. எடுக்கிறோம்னு நெனச்சப்ப நின்னிருக்கு. நிறுத்திட்டோம்னு நெனச்சப்ப ஓடியிருக்கு. நீங்க விரல் வச்சது இதுல இல்ல ஐயா.

— இல்லையா?

— அப்பாடா... சேச்சே, பாவம் அத்தான். சரி விடுங்க. மழையும் விட்டிருக்கு, கெளம்புவோம். குடை எங்க?

— கொஞ்சம் இருங்கண்ணே, பேச்சு கேக்குது. கதவு சாத்துற சத்தம். ஒருத்தரு கேக்கிறாரு: ‘கை கழுவப் போயிட்டானா? தாள்ல இருக்கிறது வேறன்னு சந்தேகப்பட மாட்டானே?’

— மேலாளர்! அவர்தான்! அப்புறம்?

— இன்னொருத்தரு சிரிக்கிறாரு. ‘அவருக்கு எழுத்துன்னா எறும்பு ஊர்ற மாதிரி சார். தாளை மாத்தக்கூட வேணாம். நான் வாசிச்சதுதான் அவருக்குத் தாள். நான் சொல்றேன்ல...’

— ஏன் நிறுத்தினீர்கள், தங்கையே?

— வேணாம் ஐயா, இதோட நிறுத்திக்குவோம்.

— சொல்லுங்கள்.

— ‘நான் சொல்றேன்ல, அத்தான் என் பேச்சைத் தாண்ட மாட்டாரு. சூப்பர்வைசர் ஆர்டரை மட்டும் இன்னிக்கே குடுத்துடுங்க.’

— அது... பழைய டேப்பு அத்தான், குரலெல்லாம் மாறித்தான் கேக்கும்...

— அந்த இயர்ஃபோனை இப்படிக் குடும்மா.

— அத்தான், அக்கா மேல சத்தியமா! ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுல நிக்கக் கூடாது, ஒருத்தனாவது உள்ள இருக்கணும்னுதான்... உங்களுக்கு எப்படியும் அந்தக் கையால வேலை செய்ய முடியாதுன்னு...

— உன் சிரிப்புத்தான்டா, மாப்ளே. பன்னெண்டு வருஷம் உன் கையால சோறு வாங்கித் தின்னுட்டு, எவனையோ கருவிக்கிட்டுக் கெடந்திருக்கேன்.

— ஐயா, மொதல்ல தண்ணி குடிங்க. கேமரா வேணாம்னா நோட்டுல அடிச்சுடுறேன்.

— வேண்டும், தங்கையே. உங்கள் நோட்டில் இன்னொரு பக்கமும் வேண்டும். முத்திரை குத்தும் மைப் பெட்டியைத் திறந்து இவன் முன் வையுங்கள். குடையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இவன் இப்போது போகமாட்டான்.

— என்ன எழுதுறீங்க? அத்தான், இவ்வளவு நேரமா என்ன எழுதுறீங்க? காட்டுங்க. அந்த மூணு விரலை வச்சு மறைக்காதீங்க!

— “மாலை நான்கு மணி பதினேழு நிமிடம்” என்று எழுதி முடித்துவிட்டேன். நீ படிக்க வேணாம், மாப்ளே. என்ன எழுதியிருக்குன்னு நான் சொல்றேன்ல? பெருவிரலை வை.