சத்தமில்லாத வீடியோ

நவநீதன்: ...அதெல்லாம் அப்புறம். கதவ சாத்துங்க டீச்சர். கதவ சாத்திட்டு இந்த வீடியோவ பாருங்க.

வெண்மதி: நம்ம ஆண்டு விழா மேடைதானுங்க இது. நீங்க மைக் புடிச்சிருக்கீங்க... பக்கத்துல தக்காளி மண்டி முருகேஷ். ஓரத்துல நானு, சைகை பண்ணிட்டு.

நவநீதன்: சத்தத்த கேளுங்க.

வெண்மதி: உர்ருன்னு ஜெனரேட்டர்தான் கேக்குது.

நவநீதன்: அதான்! அதுதான் நம்மள காப்பாத்தப் போவுது. நான் பேசினது ஒரு வார்த்த விழல. இன்கம்டாக்ஸ் ஆபீசர் வண்டி தொப்பூர் தாண்டி ரொம்ப நேரமாச்சு. இப்ப வந்துடுவாரு.

வெண்மதி: எதுக்குங்க வராரு?

நவநீதன்: தெரியாத மாதிரி கேக்காதீங்க. அறக்கட்டளை மேடையில எலக்சன் நிக்கறவருக்கு ஓட்டு கேட்டோம்னு எவனோ இந்த வீடியோவ வெச்சு மனு போட்டுட்டான். வரிவிலக்க ரத்து பண்ணணுமாம்.

வெண்மதி: ரத்தானா...

நவநீதன்: ரத்தானா பெங்களூர்க்காரங்க நன்கொடைய நிறுத்திடுவாங்க. வரிச்சலுகை இல்லாத எடத்துக்கு எவன் குடுப்பான்? ஹாஸ்டல்ல அடுப்பெரியாது. காது கேக்காத புள்ளைங்கள கூட்டிட்டுப் போங்கன்னு வூடு வூடா போயி நீங்கதான் சொல்லணும்.

வெண்மதி: இந்த மேடையில கட்சி பேசவே கூடாதுன்னு மீட்டிங்குல எங்களுக்குப் படிச்சுக் காட்டினதே நீங்கதானே சார்? செயலாளரே இப்படிப் பண்ணலாமா?

நவநீதன்: பஞ்சாயத்து பண்ற நேரமா இது? நான் சொன்னது நன்றியுரை. நன்றியுரைதான். நீங்களும் அதையேதான் சைகையில சொன்னீங்க. புரியுதா? நன்றியுரை.

வெண்மதி: ஒரு வாட்டி சொன்னா போதுங்க. எனக்கு காது கேக்கும்.

நவநீதன்: கிண்டலா? இங்க உசுரு போவுது!

வெண்மதி: ஆபீசர் தனியாவா வராரு?

நவநீதன்: ...சேலத்துல இருந்து சைகை தெரிஞ்ச ஒரு அம்மாவ கூட்டிட்டு வராராம்.

வெண்மதி: அப்புறம் நான் சொல்ல என்னா இருக்குது? அந்தம்மா பாத்த ஒடனே படிச்சிடுவாங்க.

நவநீதன்: அதுக்குத்தான் கேக்கறேன்! இதுல உங்க கை என்ன சொல்லுது? மறைக்காம சொல்லுங்க.

வெண்மதி: நீங்க பேசினதுதான். 'முருகேஷ் அண்ணனுக்கு ஓட்டு போடுங்க, ஹாஸ்டலுக்கு மாடி கட்டித் தருவாரு. போடலன்னா உங்க புள்ளைங்களுக்கு இங்க எடம் இருக்குமான்னு யோசிச்சுக்கங்க.'

நவநீதன்: அடப்பாவமே... அத்தனையுமா? கொஞ்சம் முழுங்கக் கூடாதா?

வெண்மதி: முழுங்கினா, மிரட்டறாங்கன்னு அந்த அப்பா அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவங்கள்ல பாதிப் பேருக்கும் காது கேக்காது. கடைசியா நானா ஒண்ணு சேத்துக்கிட்டேன். 'இது ஸ்கூலோட பேச்சு இல்ல, இவரோட பேச்சு.'

நவநீதன்: ஓஹோ... நான் மாட்டணும், ஸ்கூல் தப்பிக்கணும்?

வெண்மதி: தப்பிக்குமோ என்னமோ. புள்ளைங்களுக்குப் புடிச்சுக்க அந்த ஒரு வரிய விட்டா வேற ஒண்ணுமில்ல. ...உங்களுக்கு அவரு என்னா தரேன்னாரு?

நவநீதன்: எனக்கென்ன... ஸ்கூலுக்கு மாடி... ஹாஸ்டலுக்கு மாடி...

வெண்மதி: சார்.

நவநீதன்: ...எங்க வூட்டுக்காரம்மாவுக்கு கவுன்சிலர் சீட்டு. போதுமா? ஆமா, இந்தப் படத்த எடுத்தது எவன்?

வெண்மதி: காரிமங்கலம் மாது. நம்ம ஐஸ்வர்யாவோட அப்பா. அவருக்கும் காது கேக்காதுல்ல... ஜெனரேட்டர ஒட்டி நின்னா பேச்சு விழாதுன்னு அவருக்குத் தெரியல.

நவநீதன்: ஒண்ணுதான் இடிக்குது. நான் ரெண்டு வாட்டி ஓட்டு கேட்டேன். மொத வாட்டி இதுல இல்ல. ரெண்டாவது வாட்டிக்கு நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே வீடியோ ஓடுது. திரும்ப கேப்பேன்னு அவனுக்கு எப்புடித் தெரியும்?

வெண்மதி: வாசல்ல வண்டி வந்து நிக்குதுங்க.

நவநீதன்: நிக்கட்டும்! பதில் சொல்லுங்க. பதில் சொல்லிட்டுப் போங்க!

வெண்மதி: மொத வாட்டி நீங்க கேட்டப்ப என் கை உங்க பேச்ச சொல்லல சார். 'மாதண்ணே, ஃபோன எடுத்து வெச்சுக்கங்க. இவரு எதையும் ரெண்டு வாட்டி சொல்லுவாரு'ன்னு சொல்லுச்சு.